கூண்டுக்கு வெளியே ஒன்று

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். குவாரி லாரி எதிரே வருகிற நேரம், தூசி முழுக்க நம் மேல்தான். போதும், போதும். நான் டவுன் வரைக்கும் வருகிறேன். நீங்கள் எதுவரைக்கும் என்று கேட்கவில்லை. கழுத்தில் தொங்குகிற பைனாகுலர் எதைப் பார்ப்பதற்கு என்றும் கேட்கவில்லை. பறவை பார்ப்பதற்கு என்பீர்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் நிறுத்தத்தில் ஏறியிருக்கிறீர்கள். எங்கள் ஊருக்குள் ஒரு வெளியாள் வந்து போனால் எனக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் வந்தது எனக்குத் தெரியவில்லை. அதுதான் யோசிக்கிறேன்.

சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்கிறேன், அவ்வளவுதான். ஆயுசு முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்தவன் கேட்காமல் இருக்க முடியாது.

என் பெயர் மாரப்பன். தோழர் மாரப்பன் என்றால் இந்த பஸ்ஸில் கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு விசைத்தறிக்குப் போனவன். நான் படித்ததெல்லாம் துண்டறிக்கையில்தான். சங்க ஆபீசில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. அச்சான பக்கத்தைப் படித்தேன், வெறும் பக்கத்தில் எழுதிப் பழகினேன். பிறகு இந்த வட்டாரத்தில் வந்த துண்டறிக்கை எல்லாம் என் கைதான். கூலி உயர்வுக்கு நான் எழுதியதை முதலாளிகளே வாங்கி வைத்துப் படித்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'பிரதிகள் ஆயிரம்' என்று போட்டிருக்கும். அடித்தது முந்நூறு. அது பொய்யில்லை. எதிரி படிக்கிற இடத்தில் குறைத்துப் போடக்கூடாது. நம் கூட்டத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் போலீஸ் ஐம்பது என்று எழுதும். நாம் ஐயாயிரம் என்று எழுதினால்தான் நடுவில் எங்கேயாவது உண்மை நிற்கும். எண்ணிக்கை என்பது அப்படித்தான். நேர்மையான எண்ணிக்கை என்று ஒன்றை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அதோ, வலது பக்கம் தெரிகிறது பாருங்கள், பாதி வெட்டின மாதிரி ஒரு குன்று. ஆந்தைக்கரடு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காத மாதிரி தலையாட்ட வேண்டாம். அதன் அடிவாரத்தில் செங்கொடி நகர். நாற்பது வீடு. மறியல் செய்து, கேஸ் வாங்கி, உள்ளே இருந்து, வெளியே வந்து, மறுபடி மறியல் செய்து வாங்கின பட்டா. அந்த நாற்பது வீட்டுக்கும் தலைக்கு மேல் இருக்கிற கல்லை உடைத்து விற்க ஒரு கம்பெனி மனுப் போட்டது. பெயர் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்கிறது. வெடி வைத்தால் முதலில் ஆடுவது பாவாயி வீட்டுச் சுவர். பாவாயி என்றால் என்னோடு மறியலுக்கு வந்தவள். வாய் கொஞ்சம் அதிகம்.

கம்பெனி மனுப் போட்ட அதே ஆடி மாதத்தில்தான் அந்தப் பெண்ணும் வந்தது. நீங்களே சொல்லுங்கள், இது தற்செயலா?

ஜெஸ்லின் என்று பெயர். நாகர்கோவில் பக்கம். ஒல்லியாக, தலையில் ஒரு துணித் தொப்பி. முனியப்பன் கல்லில் ஆரம்பித்துப் பள்ளத்து ஓடை வரைக்கும் நடப்பாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, அதே பாதை. ஒரு அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக மாட்டாள். சீர் கொண்டு போகிறவள் மாதிரி அவ்வளவு மெதுவாக நடப்பாள். நின்று போனில் ஏதோ தட்டுவாள். மறுபடி நடப்பாள். மேகம் வந்தால் உட்கார்ந்துவிடுவாள், வெயில் வந்தால் எழுந்திருப்பாள். இதெல்லாம் கூட விடுங்கள். போகிற பாதை நெடுக மரத்துக்கு மரம் மஞ்சள் ரிப்பன் கட்டி வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ரிப்பன் கட்டினால் அடுத்தது கல் நடுவார்கள். கல் நட்டால் அடுத்தது வேலி. பைபாஸ் ரோட்டுக்கு அப்படித்தான் வந்தார்கள். டெம்போ குழந்தைவேலுவிடம் சொல்லி ரிப்பனை எல்லாம் அவிழ்க்கச் சொன்னேன். குழந்தைவேலு யார் என்றால், நம் கூட்டங்களுக்கெல்லாம் ஆள் ஏற்றி வந்தது அவன் டெம்போதான். அவிழ்த்தான். அடுத்த நாள் அவன் பேத்தி இரட்டைச் சடையில் மஞ்சள் ரிப்பனோடு பள்ளிக்கூடம் போனது. ரகசிய வேலைக்கு லாயக்கில்லாதவன்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கட்டினாள். கோபப்படாதவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

உடனே துண்டறிக்கை எழுதினேன். 'எண்ணுவது யார்? எண்ணச் சொன்னது யார்?' நல்ல தலைப்பு. நகர் முழுக்க ஒட்டினோம். அடுத்த தடவை அவள் வந்தபோது முனியப்பன் கல்லில் வைத்து முற்றுகை. பெண்களை முன்னால் நிறுத்தினேன்.

“என்ன அளக்கிறே?” என்றேன்.

“அளக்கல தாத்தா. பட்டாம்பூச்சி எண்ணுதேன்.”

தாத்தா. எனக்கு அறுபத்தேழு வயது. மந்திரியே என்னைத் தோழர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“எதை எண்ணுறே?”

“பட்டாம்பூச்சி.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். முற்றுகையில் சிரிப்பு வந்துவிட்டால் முற்றுகை போய்விடும். இது பாவாயிக்குத் தெரியும். தெரிந்தும் அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

“ஏங் கண்ணு, அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? அப்படியே எங்க ஊட்டுக் கொசுவையும் எண்ணிப்போட்டுப் போ. ரேஷன் கார்டுல சேத்தோணும்.”

“கொசு எண்ண வேற ஆளு உண்டு, ஆச்சி. என் கூடப் படிச்சவதான்.”

அவ்வளவுதான். பாவாயி அவள் பக்கம் போய்விட்டாள். வாயாடிக்கு வாயாடியைப் பிடிக்கும். நான் விடவில்லை. யார் அனுப்பினார்கள், எதற்கு எண்ணுகிறாய், எண்ணி யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டேன். கல்லூரி ஆராய்ச்சி என்றாள். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், கிழக்கு மலைப் பக்கமிருந்து மேற்கு மலைக்குப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் போகும், போகிற வழியில் எங்கள் பள்ளத்தில் இறங்கித் தங்கிப் போகும் என்றாள். கருப்பாக, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது ஒன்று. கருநீலத்தில் வரி போட்டது ஒன்று. கருப்பன், வரியன் என்று பெயர் வைத்திருந்தாள். வருஷா வருஷம் எத்தனை வருகிறது என்று எண்ணினால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியுமாம்.

“குவாரி வந்தா?” என்றாள் பாவாயி.

“ஓடை போச்சுன்னா அதுங்க இறங்காது, ஆச்சி.”

“அத எழுதிக் குடுப்பியா?”

“எண்ணுனத எழுதிக் குடுப்பேன்.”

இந்தப் பதிலைக் கவனியுங்கள். எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை. எண்ணினதை எழுதிக் கொடுப்பேன். ஒரு வார்த்தையைக் கூடுதலாகப் போட்டுத் தப்பித்துக்கொள்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லேபர் ஆபீஸ் முழுக்க அவர்கள்தான்.

ஆனால் எங்கள் வக்கீல் துள்ளிக் குதித்தார். வலசை வழி என்று நிரூபித்தால் குவாரிக்கு அனுமதி கிடைக்காது, இதைவிடப் பெரிய ஆயுதம் வேறு இல்லை என்றார். சரி, சேர்த்துக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்லவில்லை. சேர்த்துக்கொண்டேன். அவளும் என்னைத் தோழர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. அவள் சொன்னால் அந்த வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன். இரண்டு வருஷம். மேற்பார்வை இல்லாமல் யாரையும் எண்ண விடக்கூடாது. அப்போதுதான் அவள் எப்படி எண்ணுகிறாள் என்பது தெரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். நீங்கள் நம்புவீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம்மைச் சுற்றி ஒரு கூண்டு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை மீட்டர். முன்னால் ஐந்து மீட்டர். தலைக்கு மேல் ஐந்து மீட்டர். கூண்டு நம்மோடு நகரும். அதற்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். தாண்டிப் பின்னால் போனது போனதுதான், திரும்பிப் பார்க்கக் கூடாது. அதே பாதை, அதே வேகம், அதே வெயில்.

போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசி. பள்ளத்துக்கு அக்கரையில் ஒரு வெள்ளவேலா மரம். அந்த மரத்தில் இலையே தெரியவில்லை. கருப்பனும் வரியனுமாகத் தொங்குகிறது. கிளைக்குக் கிளை, காய்ந்த சருகு மாதிரி. ஒரு காற்று அடித்தால் மரமே மூச்சு விடுகிற மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கையை விரிக்கிறது. நான் மே தின ஊர்வலம் எத்தனையோ பார்த்தவன். அந்த மாதிரி பார்த்ததில்லை.

இவள் நின்றாள். பார்த்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. பிறகு ஒன்றுமே தட்டாமல் நடந்து போகிறாள்.

“ஏம்மா, அதை எண்ணலியா?”

“அது கூண்டுக்கு வெளியே, தோழர்.”

“வெளியே இருந்தா என்ன? பட்டாம்பூச்சி இல்லையா அது?”

“பட்டாம்பூச்சிதான். ஆனா இன்னைக்கு அத எண்ணுனா அடுத்த வருஷமும் எண்ணணும். நான் இல்லாம வேற ஆளு வந்து எண்ணுனாலும் அதே மாதிரி எண்ணணும். கூண்ட இஷ்டத்துக்குப் பெருசாக்குனா எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்ல. மரத்தப் படம் எடுத்து வேற குறிப்பாக் குடுப்பேன். இதுல சேக்கக் கூடாது.”

பார்த்தீர்களா? மரம் நிறையத் தொங்குகிறது, கணக்கில் சேர்க்கக் கூடாதாம். போலீஸ்காரன் இப்படித்தான் எண்ணுவான். பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணுவான், ரோட்டில் நிற்கிற கூட்டத்தை விட்டுவிடுவான். அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது. இவள் குறைக்கிறாள். தெரிந்து குறைக்கிறாளோ தெரியாமல் குறைக்கிறாளோ, குறைக்கிறாள். வக்கீலிடம் சொன்னேன். அதுதான் முறை என்றார். முறை யார் வைத்தது என்று கேட்டேன். கேஸ் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

போன புரட்டாசியில் குவாரி மனுவுக்காகப் பார்வையிட அரசாங்கக் குழு ஒன்று வருவதாகத் தகவல் வந்தது. மூன்று பேர். தலைமை ஒரு அம்மா, ரிட்டயர்டு புரொபசர். அவர்கள் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முடிவு. நகரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பாவாயி தினமும் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறாள், இன்னும் வெடிக்காத சுவரை.

ஜெஸ்லினிடம் கேட்டேன். “எத்தனை வந்திருக்கும்மா?”

“கூண்டுக்குள்ள நானூத்திச் சொச்சம், தோழர். ரொம்ப நல்ல எண்ணிக்கை. பயப்படாதீங்க. இருக்கத அப்படியே காட்டுவோம்.”

நானூறு. என் கூட்டத்துக்கு நானூறு பேர் வந்திருந்தால் நான் நாலாயிரம் என்று எழுதியிருப்பேன். எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீல் நாற்பது என்று நிரூபிப்பான். இருப்பதை அப்படியே காட்டுவோம் என்று சொல்கிறவர்கள் தோற்றுப்போவதைத்தான் நான் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைவேலுவைக் கூப்பிட்டேன். “டெம்போ ஓடுமா?”

“எங்கீங் தோழர்? கூட்டமா?”

“கூட்டந்தான்.”

ஒரு கூட்டத்தை ஜெயிக்க இரண்டு வழி. ஒன்று, ஆளை ஏற்றி வருவது. இன்னொன்று, ஒரு பெரிய தலைவரைக் கொண்டுவந்து மேடையில் உட்கார வைப்பது. தமிழ் மறவன் என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது, நம் மாநிலப் பட்டாம்பூச்சி. அவள் போனில் படம் காட்டியிருக்கிறாள். ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் கருப்பு. அரசாங்கமே அறிவித்த பட்டாம்பூச்சி இருக்கிற இடத்தில் எந்த அதிகாரி கை வைப்பான்? என் யோசனை அதுதான். இப்போதும் சொல்கிறேன், யோசனையில் தப்பில்லை.

மேற்கு மலை அடிவாரத்தில் குழந்தைவேலுவின் மச்சான் எஸ்டேட் வேலையில் இருக்கிறான். அங்கே மேலே ஈரக் காட்டு ஓடையில் அது கூட்டமாக வரும் என்றான். பழைய தோழர்கள் ஆறு பேர் போனோம். எல்லோருக்கும் வயது அறுபதுக்கு மேல். ஆளுக்கொரு கொசுவலை. நரைத்த மீசையோடு பட்டாம்பூச்சி துரத்துவதைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். போராட்டம் என்று இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். நம் பொருளாளர் முத்துக்கவுண்டன் ஓடைக்குள் விழுந்து எழுந்து, “தோழர், லத்தி சார்ஜே பரவாயில்லை” என்றான். காய்கறிக் கிரேட்டில் ஈர இலை பரப்பி, மேலே கொசுவலை கட்டி ஏற்றினோம். கூட்டத்துக்கு வருகிற ஆளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுப்போம். இவற்றுக்கு வாழைப்பழம் நறுக்கி வைத்தோம். யாரையும் வெறும் வயிற்றோடு ஏற்றி வந்த பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஜெஸ்லினிடம் சொல்லவில்லை. தேவைப்பட்டால் மட்டும் திறப்பது என்று முடிவு. ஓடைக்கு மேல் புதருக்குப் பின்னால் கிரேட்டை வைத்துக் குழந்தைவேலுவை உட்கார வைத்தேன். நான் துண்டை உதறினால் திறக்க வேண்டும்.

குழு வந்தது. நல்ல வெயில். முனியப்பன் கல்லிலிருந்து அந்தப் பெண் முன்னால் நடக்கிறாள், அந்த அம்மா பின்னால், மற்ற இரண்டு பேர், கம்பெனி வக்கீல், கடைசியில் நாங்கள். வழியெல்லாம் கருப்பன் பறக்கிறது. ஜெஸ்லின் மெதுவாக எண்ணிச் சொல்லிக்கொண்டே போகிறாள். ஓடைக்கு வந்தோம். அக்கரை மரத்தில் தொங்குகிறது, முந்தின வருஷத்தைவிட அடர்த்தியாக. காற்று அடித்தது. மரம் இறக்கையை விரித்தது.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் பேசவில்லை. கம்பெனி வக்கீல்கூட வாயைத் திறக்கவில்லை.

மேடை ஏறின தலைவர் பேசாமல் நின்றால் என்ன அர்த்தம்? கூட்டம் போதவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? எத்தனை மேடை பார்த்திருக்கிறேன். ஜெஸ்லின் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் துண்டை உதறினேன்.

குழந்தைவேலு திறந்துவிட்டான். பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. பாதி, வரும் வழியிலேயே செத்துப் போயிருந்தது. மீதி தத்தித் தத்தி வந்து மணலில் உட்கார்ந்தது. சிலது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒன்று மட்டும் கிளம்பி வந்து அந்த அம்மாவின் முந்தானையில் ஒட்டிக்கொண்டது. நான் தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொன்னேன். “அம்மா, இது மாநிலப் பட்டாம்பூச்சி. தமிழ் மறவன். இங்கே நிறைய உண்டு.”

அந்த அம்மா குனிந்து பார்த்தார். இறக்கையில் பாதி இல்லை. காலில் நீல நிறத்தில் ஒரு நூல். கொசுவலை நூல்.

கம்பெனி வக்கீல்தான் கேட்டான். எவ்வளவு மரியாதையாகக் கேட்டான் தெரியுமா? “மேடம், நீங்க ரெண்டு வருஷமா இங்க எண்ணுறீங்க. இதை இங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

ஜெஸ்லின் மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாற்பது வீடு. பாவாயி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

“இல்ல” என்றாள்.

“இங்க வர வாய்ப்பு உண்டா?”

“இல்ல. இது ஈரக் காட்டுல உள்ளது. இதோட புழு தின்னுற மரம் இந்தப் பக்கம் ஒண்ணுகூடக் கிடையாது.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

“கொண்டு வந்திருக்காங்க.”

“யாரு?”

அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு மரியாதையைச் செய்தாள். வக்கீல் சிரித்தான். “பரவால்லீங் மேடம். இது கொண்டுவந்ததுன்னா, மரத்துல தொங்குறது எப்ப வந்ததுன்னு யார் சொல்றது? ரெண்டு வருஷமா நீங்க எண்ணுனதெல்லாம் எந்த டெம்போவுல வந்ததுன்னு யார் சொல்றது?”

அந்த அம்மா மறுபடி மரத்தைப் பார்க்கவில்லை. முந்தானையில் இருந்ததை மெதுவாக எடுத்து ஒரு இலையில் வைத்துவிட்டுக் கரடு இறங்கிப் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தது யார்?

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கம்பெனிக்காரன் ஒரு துண்டறிக்கை கொடுத்தான். 'கொசுவலைப் பட்டாம்பூச்சிகள்' என்று தலைப்பு. நல்ல தலைப்பு. நான் எழுதியிருந்தாலும் அதையேதான் வைத்திருப்பேன். அடியில் 'பிரதிகள் ஐயாயிரம்' என்று போட்டிருந்தது. உண்மையிலேயே ஐயாயிரம் அடித்திருந்தான். தை பிறப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. மாசியில் முதல் வெடி. பாவாயி வீட்டுச் சுவர் மூலையிலிருந்து மூலைக்குப் பிளந்தது. ஜெஸ்லினைக் கல்லூரியில் விசாரணை வைத்து ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். சொன்னார்கள். தப்பித்துப் போக அதைவிட நல்ல வழி ஏது?

நானும் எழுதினேன். 'காட்டிக்கொடுத்த கணக்கு.' பிரதிகள் ஆயிரம். பாவாயி அதில் ஒரு கட்டை வாங்கிக்கொண்டு போனாள். படிக்கத்தான் என்று நினைத்தேன். சுவர்ப் பிளவில் கசக்கி அடைத்து வைத்திருக்கிறாள். தேள் வருகிறதாம்.

“ஏன் பாவாயி, இப்படிப் பண்ணிட்டே?” என்றேன்.

“உன்ற எழுத்து முதத் தடவையா ஒரு ஊட்டுக்கு உதவுது, உடு.”

அவளுக்குக் கம்பெனிக்காரன் இரண்டு மூட்டை சிமென்ட் கொடுத்திருப்பானோ என்று எனக்கு ஒரு எண்ணம். கேட்டேன். அன்றைக்கு அவள் எடுத்த விளக்குமாற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம்.

போவதற்கு முன்னால் அந்தப் பெண் வந்திருந்தாள், மிச்சமிருந்த ரிப்பனை அவிழ்க்க. நான் முனியப்பன் கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்வாள், சண்டை போடுவாள், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். பக்கத்தில் வந்து, “வரேன் ஐயா” என்றாள்.

ஐயா. தாத்தா என்றவள், தோழர் என்றவள், ஐயா என்றாள். அதில் என்ன உள்நோக்கம் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன்.

எங்கள் வக்கீல் அப்பீல் போட்டிருக்கிறார். இன்றைக்கு அதற்குத்தான் வாய்தாவுக்குப் போகிறேன். கரட்டின் கீழ்ப் பாதியை இன்னும் தொடவில்லை, ஓடையும் இருக்கிறது. புதிதாக எண்ணிக்கை வேண்டும் என்கிறார் வக்கீல். அதே பாதை, அதே வேகம், அதே கூண்டு. யார் எண்ணுவது? அவள் எண்ண முடியாது. பாவாயியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், பாதை தெரிந்தவர் ஊரில் ஒருத்தர்தான் இருக்கிறார், இரண்டு வருஷம் பின்னாலேயே நடந்தவர் என்று. எண்ணினதை அவளிடம் போனில் சொல்ல வேண்டும். அவள் வேறு கல்லூரி ஆளிடம் கொடுப்பாள். அந்த ஆள் எப்போதாவது சொல்லாமல் வந்து, அதே பாதையில் நடந்து, நாம் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பாராம்.

சொல்லாமல் வந்து. கவனித்தீர்களா?

நடக்கிறேன். ஆனியிலிருந்து நடக்கிறேன். முட்டி வலிக்கிறது, மெதுவாக நடப்பதுதான் கஷ்டம். வேகமாகப் போய்விட்டால் வலி தெரியாது. பாவாயி சில நாள் பின்னால் வருவாள். நான் எண்ணுவதை அவளும் வாய்க்குள் எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். கேட்டால் சாமி கும்பிடுகிறேன் என்கிறாள்.

முதல் தடவை கூண்டுக்குள் வந்தது இரண்டு. இரண்டே இரண்டு. நாற்பது வீட்டைக் காப்பாற்ற இரண்டு பட்டாம்பூச்சி. போன் போட்டேன். இருபது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எதிரே புதர் அசைந்தது. ஆடாக இருக்கலாம். ஆளாகவும் இருக்கலாம். சொல்லாமல் வருகிற ஆள் அன்றைக்கே வந்திருந்தால்? புதருக்குள் உட்கார்ந்து அவனும் எண்ணியிருந்தால்? நான் இளிச்சவாயன் இல்லை.

“ரெண்டு” என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“ரெண்டா ஐயா?”

“ரெண்டு.”

“சரி” என்றாள். மறுபடி, “சரி” என்றாள். அழுகிற மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கலாம்.

அன்றையிலிருந்து இன்று வரைக்கும் உள்ளது உள்ளபடிதான் சொல்கிறேன். வேறு வழி? எந்த நாளில் எந்தப் புதரில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் ஏமாந்தால் எல்லாம் போச்சு. சுற்றிலும் ஆள் வைத்துக் கண்காணிக்கிறார்கள், நான் எச்சரிக்கையாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கால்சட்டையில் நாயுருவி ஒட்டியிருக்கிறது. முழங்கால் வரைக்கும். நாயுருவி எல்லா ஊரிலும் இருக்கும் என்று சொல்லாதீர்கள். எங்கள் ஓடைக்கரையில் ஒட்டுகிற உயரம் எனக்குத் தெரியும். பைனாகுலர் வேறு. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒன்றுமே தெரியாதவன் இதற்குள் நூறு கேள்வி கேட்டிருப்பான்.

டவுன் வந்துவிட்டது. இறங்குவதற்கு முன்னால் ஒன்று. நேற்று வெயில் நல்ல வெயில், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருப்பன் முப்பத்தெட்டு, வரியன் பதினொன்று. அவளிடம் போனில் சொன்னதும் அதுதான். ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கரை மரத்தில் ஒரு வரியன் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் புரட்டாசிக்கு அந்த மரத்தில் முதலில் வந்தது அது ஒன்றுதான். ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். கூண்டுக்கு வெளியே. சேர்க்கவில்லை.

அவளைப் பார்த்தால் சொல்லுங்கள். சேர்க்கவில்லை என்று சொல்லுங்கள்.